இரண்டு ஏக்கர் கர்ப்பிணி

எங்கள் நிலம் கர்ப்பமாக இருக்கிறது, அதற்குக் கசப்பு கொடுக்கக் கூடாது என்று சங்கனகௌடர் எங்கள் வரப்பில் ஏறி நின்று சொன்னபோது என் முதுகில் தெளிப்பான் இருந்தது. தெளிப்பான் நிறைய வேப்பங்கொட்டைக் கரைசல். ஒரு சொட்டுகூட இன்னும் அடிக்கவில்லை.

“இறக்கு. முதல்ல அத முதுகுல இருந்து இறக்கு.”

“எதுக்கு?”

“எள் அமாவாசை வருது. நிலத்தாய் வாயும் வயிறுமா நிக்கறா. அவ மேல போய் வேம்பத் தெளிக்கறியே, கரு கலைஞ்சா யாரு பொறுப்பு? அந்த தோஷம் உன் வயலோட நிக்குமா? ஊர் வயலுக்கெல்லாம் வரும்.”

சங்கனகௌடர் ஊரில் பெரிய நிலக்காரர். உரக்கடையும் பூச்சிமருந்துக் கடையும் அவருடையவை. கடைப் பக்கமே போகாமல் நான் துவரை வளர்ப்பது விதைப்பு நாளிலிருந்தே அவருக்குத் தொண்டையில் முள். அவர் வயலுக்கும் எங்கள் வயலுக்கும் நடுவே ஒரு வரப்புதான். அந்த வரப்பை எடுத்துவிட்டால் அவருடைய துண்டு சதுரமாகிவிடும். அப்பாவிடம் குத்தகைக்குக் கேட்டுக்கொண்டே இருந்தார். அப்பா விதைக்கும்போது என்னிடம் சொன்னது இதுதான்: “இந்த ஒரு வருஷம் உன் பேச்சு, மகானந்தா. புழு தின்னுட்டா உகாதியோட நிலம் கௌடருக்கு. அப்புறம் நீ படிச்ச படிப்புக்கு வேற எங்கயாச்சும் வேல பாரு.”

நான் கலபுரகிக்கு பஸ்ஸில் போய் தாவரவியல் படித்தவள். எங்கள் வீட்டில் எனக்கு முன்னால் யாரும் பத்தாவதைத் தாண்டவில்லை. மழைக்காலத் தொடக்கத்தில் தர்கா வேப்பமரத்தடியில் உட்கார்ந்து பழம் பொறுக்கியபோது ஊரே எனக்கு ‘வேப்பங்கொட்டை பி.எஸ்சி.’ என்று பெயர் வைத்தது. வைக்கட்டும். சதையைக் கழுவி, கொட்டையை நிழலில் உலர்த்தி, உடைத்துப் பருப்பெடுத்து, துவரை பூக்கும்வரை காத்திருந்தேன். இப்போது பூவிலும் பிஞ்சிலும் கசகசா மாதிரி முட்டை. சிலது பொரித்து, நூல் துண்டு மாதிரி புழு. இந்த நேரம்தான் வேம்பு வேலை செய்யும். விட்டால் புழு விரல் நீளம் வளர்ந்து, தலையைக் காய்க்குள்ளும் உடம்பை வெளியிலும் வைத்துக்கொண்டு நம்மைப் பார்க்காமலே தின்னும். அப்போது வேப்பமரத்தையே பிடுங்கி அடித்தாலும் அசையாது.

“போன வாரம் உங்க வயல்ல அடிச்சீங்களே, அந்த மருந்து மட்டும் கர்ப்பிணிக்கு ஆகுமா?” என்றேன்.

“அது மாத்திர மாதிரிம்மா. சீல் வச்சு வருது. டாக்டர் கர்ப்பிணிக்கு மாத்திர கொடுக்கறதில்லையா?”

“பாட்டில் மேல மண்டையோடு போட்டிருக்கு.”

“குழந்தைங்க எடுத்துக் குடிச்சிடக் கூடாதுன்னு போட்டிருக்கான். படிச்சவ, உனக்கு இது தெரியாதா?”

சாயங்காலம் அனுமந்தன் கோயில் அரசமரத்தடியில் ஊர் கூடியது. கௌடர் சொன்னதில் பாதி உண்மை என்பதுதான் வம்பு. எள் அமாவாசை அன்று நிலத்தாய் மசக்கைக்காரி என்பது எங்கள் பக்கம் எல்லோருக்கும் தெரியும். அவள் வாய்க்கு ருசியாகக் கம்பு ரொட்டி, கொழுக்கட்டை மாதிரி கடுபு, கீரையும் பயறும் போட்டுக் கடைந்த பஜ்ஜி எல்லாம் சமைத்து வயலுக்கு எடுத்துப்போய் நான்கு பக்கமும் தெளிப்போம். சரகா போடுவது என்போம். ஆனால் அவளுக்குக் கசப்பு ஆகாது என்ற சட்டத்தைக் கௌடர் அன்று காலையில்தான் கண்டுபிடித்திருந்தார். சாயங்காலத்துக்குள் அது ஆயிரம் வருஷத்துப் பழசாகிவிட்டது.

“கர்ப்பம்னா அது என் டிபார்ட்மென்ட்,” என்று முன்னால் வந்து உட்கார்ந்தாள் காசிபாய் அக்கா. ஊர் ஆஷா ஊழியர். எந்த வீட்டில் யாருக்கு நாள் தள்ளிப்போயிருக்கிறது என்பது வீட்டுக்காரனுக்கு முன்னால் அவளுக்குத்தான் தெரியும். “எத்தனாவது மாசம்?”

“மழைக்கு விதைச்சது. கணக்குப் பாத்துக்க,” என்றார் கௌடர்.

“ஆறு முடிஞ்சு ஏழு. ரத்தம் எடுத்துப் பாத்தாச்சா?”

“கரிசல் மண்ணு. ரத்தச்சோகைக்கெல்லாம் இடமே இல்ல,” என்றது ஒரு குரல்.

காசிபாய் அக்கா சிரிக்கவில்லை. வேலை விஷயத்தில் அவள் சிரிப்பதில்லை. “கர்ப்பம்னு நான் ஒத்துக்கணும்னா எனக்கு மூணு அடையாளம் வேணும். சாப்பாடு பிடிக்கக் கூடாது. துவண்டு கிடக்கணும். குமட்டி வாந்தி வரணும். உங்க நிலம் இதுல எதப் பண்ணுது?”

“நிலம் எப்படி வாந்தி எடுக்கும்?”

“அத நீங்கதான் சொல்லணும். நீங்கதான கண்டுபிடிச்சீங்க.”

தர்காவுக்குப் பக்கத்து வீட்டு பந்தேநவாஸ் சாச்சா கை தூக்கினார். கோழி வளர்ப்பவர், சாதாரணமாகக் கூட்டத்தில் பேசாதவர். “தலைப்பிரசவமா?”

“வருஷா வருஷம் பெக்கறா சாச்சா,” என்றேன்.

“அப்ப சரி. தலைப்பிரசவம்னா தாய் வீட்டுக்கு அனுப்பணுமே, எப்படித் தூக்கறதுன்னு பாத்தேன்.”

எனக்குப் பொறுமை போயிற்று. எழுந்தேன். “கௌடரே, எனக்கு நிலத்தோட மாசம் வேணாம். புழுவோட வயசு வேணும். உங்க வயல்ல இருந்துதான் அந்துப்பூச்சி என் வயலுக்கு வருது. கண்ட மருந்தையும் அடிச்சு அடிச்சு அதுக்கெல்லாம் உடம்பு தேறிப் போச்சு. வந்து என் செடியில முட்ட வைக்குது. நான் இன்னைக்கு அடிக்கலன்னா—”

“வரட்டுமே,” என்றார் கௌடர், பெருமையாக. துண்டை உதறித் தோளில் போட்டார். “இந்த ஊர்ல முதல் பூ என் வயல்ல. முதல் புழுவும் என் வயல்ல. அங்க பொறந்து, அங்க தின்னு வளந்துதான் உங்களுக்கெல்லாம் வருது. கௌடர் வயல்னா சும்மாவா?”

கூட்டம் இதையும் தலையாட்டி ஒப்புக்கொண்டது. தீர்ப்பு சொன்னார்கள்: அமாவாசை முடியும்வரை சரகா தவிர வேறெதையும் யாரும் வயலில் தெளிக்கக் கூடாது. மீறினால் எங்கள் துவரையை அறுக்க ஊரில் ஒரு கை வராது. அப்பா தலைகுனிந்து கேட்டுக்கொண்டார். நான் கத்தினேன். பட்டம் வாங்கிய பெண் கத்தினால் ஊருக்கு ஒரு திருப்தி, பார்த்தாயா படிப்பின் லட்சணத்தை என்று.

ஊறவைத்த கரைசல் தங்காது. மறுநாளே வீரியம் போய்விடும். குப்பைமேட்டில் கொட்டினேன். கொட்டும்போது அழுகை வந்தது. அழவில்லை, வாளியை எட்டி உதைத்தேன்.

அமாவாசைக்கு முந்தின நாள் வீடு முழுக்க எள் வாசனை. அவ்வா, என் அம்மா, சோள மாவில் அம்பலிக் கூழ் காய்ச்சிக்கொண்டிருந்தாள். மோர் ஊற்றிக் கலக்கி இறக்கி, ஆற வைத்தாள். வெள்ளை வெளேரென்று இருந்தது. நான் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். வேப்பங்கொட்டைக் கரைசலும் சரியாக ஊறினால் அதே வெள்ளைதான்.

“அவ்வா, சரகாவுல அம்பலி போடலாமா?”

“போடாம? அவளுக்குத் தொண்ட நனைய வேணாமா?”

“எவ்வளவு போடலாம்?”

“அவ வயிறு. யாரு அளந்தது.” கரண்டியை உதறினாள். பிறகு என் முகத்தைப் பார்க்காமல், “படையல நிலத்தாய் வாய் வைக்கறதுக்கு முன்னாடி வேற யாரும் நாக்குல வைக்கக் கூடாது. அது மட்டும் நெனப்புல வச்சிக்க,” என்றாள்.

மிச்சமிருந்த வேப்பம்பருப்பு முழுவதையும் இடித்தேன். துணியில் கட்டி ஊறப் போட்டேன்.

அமாவாசை அன்று ஊரே வயலில் இருந்தது. மாட்டுவண்டி, டிராக்டர், விருந்தாளிகள், பிள்ளைகள். எந்தப் பக்கம் திரும்பினாலும் சரகாக் கூவல், “ஹுல்லுல்லிகோ” என்று ஒரு குரல், “சலாம்ப்ரிகோ” என்று பதில் குரல், விசிறி விழும் சோறு. கௌடர் வீட்டு விருந்து வரப்புக்கு அந்தப் பக்கம் நடந்தது. நாங்கள் சாப்பிட்டோம், உறவுக்காரர்களைத் தூங்கவிட்டோம். வெயில் சாய்ந்தபின் நானும் அப்பாவும் வண்டியிலிருந்து நீல டிரம்களை உருட்டி இறக்கினோம். ஒவ்வொன்றாக. கௌடர் கடுபைக் கையில் வைத்துக்கொண்டே வரப்புக்கு வந்துவிட்டார்.

“என்ன அது?”

“அம்பலி. சரகா.”

“இத்தன டிரம் அம்பலியா? இவ்வளவு பசியா உங்க நிலத்துக்கு?”

“ரெண்டு ஏக்கர் பொம்பள, கௌடரே. செம்புல கொடுத்தா பத்துமா?”

“மத்தியானம் கொடுக்க வேண்டியத இப்ப கொடுக்கற.”

“மசக்கைக்காரி. சாப்பிட்டுத் தூங்கி இப்பதான் எழுந்தா.” வேம்பு உச்சி வெயிலில் அடித்தால் வீணாகிவிடும் என்பது என் காரணம். அதை அவருக்குச் சொல்லவேண்டிய அவசியமில்லை.

அவர் டிரம்மில் மூக்கை நீட்டினார். “வேப்ப நாத்தம் அடிக்குது. நுர வேற.”

நுரை சோப்புத்தூள். இலையில் ஒட்டுவதற்குப் போட்டது. “எரும மோரு. நல்லா கடைஞ்சது.”

“கொஞ்சம் கொடு. வாய்ல வச்சுப் பாக்கறேன்.”

அவ்வா எழுந்து வந்தாள். முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டாள். “நிலத்தாய் குடிக்கறதுக்கு முன்னாடியா, கௌடரே?” குரலை உயர்த்தவில்லை. ஆனால் பக்கத்து நான்கு வயல்களில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கௌடரின் நீட்டிய கை அப்படியே நின்று, கடுபைத் தன் வாயில் போட்டுக்கொண்டது.

அப்பா தெளிப்பானை மாட்டிக்கொண்டார். எங்கள் அப்பாவுக்கு விளையாட்டுத் தெரியாது. சரகா என்று சொல்லிவிட்டோம், எனவே சரகாவாகவே செய்தார். விசையை அழுத்துவதும், “ஹுல்லுல்லிகோ” என்று கூவுவதும், அடுத்த செடிக்குப் போவதும். வரிசை விடாமல் இரண்டு ஏக்கருக்கும் கூவினார். கடைசி வரிசையில் தொண்டை கட்டி, காற்று மட்டும் வந்தது. நான் இன்னொரு தெளிப்பானோடு எதிர்வரிசையில் வந்துகொண்டு “சலாம்ப்ரிகோ” சொன்னேன். சிரிப்பு வரவில்லை. நிலம் போய்விடுமோ என்ற பயத்தில் இருப்பவளுக்குச் சிரிப்பு வராது.

சில நாள் கழித்து விடியற்காலையில் செடியை விலக்கிப் பார்த்தேன். புழு உயிரோடு இருந்தது.

வேம்பு பட்டவுடன் கொல்லாது என்று படித்திருக்கிறேன். தேர்விலும் எழுதியிருக்கிறேன். தின்ன விடாது, தோலுரிக்க விடாது, மெதுவாகத்தான் முடிக்கும். பத்து மதிப்பெண் கேள்வி. ஆனால் நம் சொந்தக் காயின் மேல் அது உயிரோடு படுத்திருப்பதைப் பார்க்கும்போது படித்தது எதையும் நம்ப முடிவதில்லை. அப்பா வந்து ஒரு காயைத் திருப்பிப் பார்த்தார். ஓட்டை இல்லை. இன்னொன்றையும் பார்த்தார். அடுத்த செடிக்குப் போனார்.

கௌடர் சும்மா இருப்பாரா. சாயங்காலத்துக்குள் ஊரைத் திரட்டிக்கொண்டு வந்தார். ஒரு புழுவைக் கிள்ளியெடுத்து உள்ளங்கையில் போட்டு நீட்டினார்.

“பாத்துக்கங்க. செத்துச்சா? ஒண்ணு, ஒண்ணாச்சும் செத்துச்சா? இதான் வேப்பங்கொட்ட பி.எஸ்சி.”

“தின்னுதான்னு பாருங்க,” என்றேன். ஒரு பிஞ்சுக் காயைப் புழுவின் வாய்க்கு நேராக வைத்தேன். அது தலையைத் திருப்பிக்கொண்டது. அந்தப் பக்கம் வைத்தேன். இந்தப் பக்கம் திருப்பிக்கொண்டது.

காசிபாய் அக்கா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். கண்ணாடியைப் போட்டாள். “சாப்பாடு பிடிக்கல,” என்றாள்.

கௌடர் கையை ஆட்டினார். புழு துவண்டு இந்த விரலிலிருந்து அந்த விரலுக்குச் சரிந்தது.

“சோர்வு,” என்றாள் காசிபாய் அக்கா. பேனாவின் மூடியால் அதன் வயிற்றை மெல்லத் தொட்டாள். கௌடரின் ஆயுள் ரேகையில் பச்சையாக ஒரு சொட்டு விழுந்தது. “வாந்தி.”

கண்ணாடியைக் கழற்றினாள்.

“மூணும் இருக்கு,” என்றாள். “நிலத்துக்கு இல்ல. இதுங்களுக்குத்தான் மசக்கை.”

“காசிபாய், உனக்குப் பைத்தியமா? இது ஆம்பளப் புழுவா பொம்பளப் புழுவான்னுகூடத் தெரியாம—”

“அதெல்லாம் பாக்கறது சட்டப்படி குத்தம், கௌடரே. கேக்கறதும் குத்தம். என் வேலைக்கு உல வச்சிடாதீங்க.”

ஊருக்கு இது பிடித்துவிட்டது. ஒருவர் குனிந்து செடியைப் பார்த்து, “அட, எல்லாமே உண்டாயிருக்குங்க,” என்றார். குழந்தையை இடுப்பில் வைத்திருந்தவள் சத்தம் போடாதே என்று குழந்தையின் வாயைப் பொத்தினாள். கௌடர் கடைசி அஸ்திரத்தை எடுத்தார். “சரி, எதுவா வேணாலும் இருக்கட்டும். நானே நாளைக்கு ஆள் அனுப்பி நல்ல மருந்தா அடிச்சுத் தரேன்.”

“கர்ப்பிணிக்கா?” என்றது ஒரு பெண் குரல். அடுத்து நாலைந்து குரல்கள். சட்டம் போட்டவர் அவர்தான். அவராலேயே அதை வளைக்க முடியவில்லை.

அப்போது அவ்வா கேட்டாள். “காசி, இதுங்களுக்கு இது எத்தனாவது பிரசவம்?”

“பொறந்தே பத்து நாள் ஆகியிருக்காது அக்கா. தலைப்பிரசவம்தான்.”

“அப்ப தாய் வீட்டுக்கில்ல அனுப்பணும்.”

ஊர் முழுக்க மெதுவாகத் திரும்பிக் கௌடரைப் பார்த்தது. முதல் புழு என் வயல்ல, அங்க பொறந்து அங்க வளந்துதான் உங்களுக்கெல்லாம் வருது. அவர் வாயால் சொன்னது. அரசமரத்தடியில், அனுமந்தன் சாட்சியாக.

செடியை உலுக்கி, கீழே விரித்த போர்வையில் புழுவை விழவைப்பது எங்கள் பக்கம் தெரிந்த வேலைதான். அதற்கு இருபது பேராவது வேண்டும். நான் எத்தனை வாசலில் போய்க் கேட்டிருப்பேன், ஒருத்தியும் வந்ததில்லை. மறுநாள் கேட்காமலே முப்பது பேர் வந்தார்கள். ஏனென்றால் இப்போது அது வேலை இல்லை, வளைகாப்பு. பட்டுப்புடவையில் வந்தார்கள். துவரையை நோகாமல் உலுக்கினார்கள், “பாத்து, பாத்து, வயித்துப் பிள்ளக்காரிங்க” என்று ஒருவரை ஒருவர் அதட்டிக்கொண்டு. ஓட்டை விழாத ஒவ்வொரு காயின் மேலிருந்தும் ஒரு சோர்ந்த புழு போர்வையில் விழுந்தது. முறத்தில் அள்ளி, கூடையில் கொட்டி, கூடைக்கு மேல் பச்சை ரவிக்கைத் துணி போர்த்தி, கண்ணாடி வளையல் வைத்து, மஞ்சள் குங்குமம் இட்டு, பாட்டுப் பாடிக்கொண்டு கிளம்பினோம். எனக்கு அந்தப் பாட்டு தெரியாது. கையை மட்டும் தட்டினேன்.

கௌடர் கதவைச் சாத்தியிருந்தார். திறந்தது அவர் மனைவி சிவகாந்தம்மா. பொண்ணு தலைப்பிரசவத்துக்கு வந்து வாசலில் நிற்கும்போது ஆரத்தி எடுக்காத தாய் எங்கள் பக்கம் கிடையாது. ஆரத்தித் தட்டோடுதான் வந்தாள். கூடையை எட்டிப் பார்த்தாள்.

“எத்தன பேரு?”

“எண்ணல அக்கா,” என்றேன்.

“எண்ணாம அனுப்புவாங்களா யாராச்சும்? சரி, உள்ள எறக்குங்க. இல்ல, இல்ல, திண்ணைல வேணாம், முத்தத்துல எறக்குங்க.” தட்டைச் சுற்றினாள். பின்னால் கௌடர் நின்றார். முகம் அடுப்புக்கரி. முற்றத்தில் கூடைகளை வரிசையாக இறக்கித் துணியை விலக்கினோம். இறக்கும்போதே இரண்டு கூடை சாய்ந்தது. புழுக்கள் உருண்டன.

பந்தேநவாஸ் சாச்சாவின் கோழிகளுக்கு எப்படித்தான் தெரிந்ததோ. சுவரேறிக் குதித்து, வாசல் வழியாகவும் வந்து, விருந்துக்கு அழைத்தவை மாதிரி வரிசைக்கு ஒன்றாக நின்று கொத்தின. ஆரத்தித் தட்டு இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது. சிவகாந்தம்மாவுக்கு நடுவில் நிறுத்துவது சகுனமா இல்லையா என்று தெரியவில்லை.

“கொலை,” என்றார் கௌடர். “கர்ப்பிணிக் கொலை. இதுக்குப் பஞ்சாயத்துக் கூட்டணும்.”

சாச்சா வாசலில் தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். “என் கோழிங்ககிட்ட யாரும் சொல்லலயே கௌடரே, உண்டாயிருக்குன்னு.”

பஞ்சாயத்துக் கூடவில்லை. கோழியைக் கூப்பிட்டு விசாரிக்க யாருக்கும் நேரம் இல்லை, அறுவடை வந்துவிட்டது. எல்லோரும் எங்கள் வயலுக்கு அறுக்கவும் வந்தார்கள். நான் கணக்குப் போட்டு வைத்திருந்ததில் முக்கால் பங்குதான் கிடைத்தது. கௌடர் சட்டம் போட்ட நாட்களில் போன கால் பங்கு அது. அதை நான் இன்னும் மறக்கவில்லை.

உகாதி அன்று காலை கௌடர் வந்தார். புது வேட்டி. பழைய பேச்சை யாரும் எடுக்காததுபோல அப்பாவோடு உட்கார்ந்தார். மழை, விலை, மகன் ஹைதராபாத்தில் வீடு பார்ப்பது எல்லாம் பேசிவிட்டு, “அப்புறம், அந்த ரெண்டு ஏக்கர் குத்தகை விஷயம்,” என்றார்.

அவ்வா வேப்பம்பூவும் வெல்லமும் தட்டில் கொண்டுவந்து நீட்டினாள். உகாதிக்கு வீட்டுக்கு வந்தவர் அதைத் தின்னாமல் பேச முடியாது. கௌடர் விரலால் கிளறி, பூவை ஓரம் ஒதுக்கி, வெல்லத்தை மட்டும் எடுத்தார்.

அப்பா அவர் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். அமாவாசை அன்று கட்டிய தொண்டை அவருக்கு இன்னும் சரியாகத் திறக்கவில்லை. கரகரவென்று வந்தது குரல்.

“வேம்பையும் சேத்துத் தின்னுங்க கௌடரே. நீங்க கர்ப்பமா இல்லையே. நெலத்த எம்மக பாத்துக்குவா.”